திறக்கும் கருவி யார் கையில்?

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 2011ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாட்டு சர்க்கார் வழங்கிய இலவச லேப்டாப்கள் 50 லட்சத்துக்கும் மேல். வாங்கியவர்கள் யார்? மில்லில் ஷிப்டு பார்க்கிறவர் வீட்டுப் பிள்ளை. நாற்று நடுகிறவர் வீட்டுப் பிள்ளை. பீடி சுற்றுகிற, கல் உடைக்கிற வீட்டுப் பிள்ளை. கைநாட்டு வைத்த தாத்தாவின் பேத்தி மடியில் ஒரு யந்திரம் வந்து உட்கார்ந்தது. நல்ல காரியம்தான். அதன் மூடியில் யார் படம் ஒட்டியிருந்தது என்ற சண்டைக்குள் நாம் இப்போது போகவில்லை. நாம் கேட்பது வேறு: அந்த லட்சோபலட்சம் யந்திரங்களில் இன்று ஓடுகிறவை எத்தனை? சர்க்கார் கணக்குச் சொல்லட்டும்.

நாம் போய் வந்த வீடுகளில் பார்த்ததைச் சொல்கிறோம். பழைய சேலையில் சுற்றிப் பரண்மேல் கிடக்கிறது. "கெட்டுப் போச்சுங்க" என்கிறார்கள். என்ன கெட்டுப் போனது என்று கேட்டால் தெரியாது. ஒன்றில் பேட்டரி செத்திருக்கும். இன்னொன்றில் விசைப்பலகையில் நாலு எழுத்து விழாது. மூன்றாவதில் ஹார்டு டிஸ்க் தேய்ந்து, திறந்து வைத்துவிட்டுச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். யந்திரம் முழுவதும் செத்துப் போனது அபூர்வம். ஏதோ ஓர் உறுப்பு நோவுற்றது, அவ்வளவுதான். ஆனால் உள்ளே கை விட வழியில்லை.

பஞ்சாலையில் பிட்டராக இருக்கும் ஒரு தோழரின் கதை இது. இருபது வருஷ வேலைக்காரர். ரிங் பிரேமில் எந்த பேரிங் முனகுகிறது என்பதை நடந்து போகும்போதே காதால் சொல்லிவிடுவார். அவர் மகளின் லேப்டாப் பத்து நிமிஷம் ஓடும்; அடுப்புக் கல் போலச் சூடேறும்; தானாகவே அணையும். டவுனில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனார். "போர்டு போச்சு, மாற்றுகிற காசுக்குப் பழையது ஒன்றே வாங்கிவிடலாம்" என்றார்கள். மூடியைத் திறந்தார்களா? இல்லை. தோழர் வீட்டுக்கு வந்து தானே திறக்கப் பார்த்தார். அவரிடம் இருந்தது மில் வேலைக்கான திருப்புளி. அந்த முனை லேப்டாப் ஸ்க்ரூவின் தலைக்குள் போகவே இல்லை. கண்ணாடிக் கடைச் சிறு திருப்புளியால் திருகினார். இரண்டு ஸ்க்ரூ வழுக்கி மொட்டையாயின. சமையல் கத்தியால் நெம்பினார். ஓரத்தில் ஒரு கொக்கி உடைந்தது. யந்திரத்தோடு வாழ்க்கை நடத்துகிற மனிதர், ஓர் அட்டைப் பெட்டி கனமுள்ள யந்திரத்தின் முன்னே கை பிசைந்து உட்கார்ந்தார்!

பிறகு ஒரு வாலிபர் சரியான கருவியோடு வந்தார். திறக்கக் கால் மணி நேரம் ஆனது. விசிறிக்கும், சூட்டை வெளியேற்றும் மெல்லிய செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி போல ஓர் அடை. முழுவதும் பஞ்சுத் தூசி! அவர் வீட்டுப் பின்சுவரை ஒட்டி விசைத்தறிக் கொட்டகை. நமது மில் தொழிலாளர்களின் நுரையீரலில் போய் அடைக்கிற அதே பஞ்சு, பிள்ளை படிக்கிற யந்திரத்தின் மூச்சையும் அடைத்திருக்கிறது. அந்த அடையைச் சிம்டாவால் இழுத்து, பிரஷ்ஷால் துடைத்து, பிராஸஸர்மேல் காய்ந்து போன பசையைச் சுரண்டிப் புதுப் பசை தடவி மூடினார்கள். இன்றும் ஓடுகிறது. போர்டு எங்கேயும் போகவில்லை.

ஒரு தொழிலாளியின் கைத்திறன் எங்கே தோற்றது? திறமையில் அல்ல. ஒரு சிறு இரும்பு முனையில் தோற்றது. அந்த முனை ஏன் அவர் கைக்கு எட்டவில்லை என்பதுதான் விஷயம்.

ஸ்க்ரூவின் தலைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. நாம் சாதாரணமாகப் பார்க்கும் பிளஸ் குறித் தலை, அமெரிக்காவில் 1930களில் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் பெயரில் கார்த் தொழிற்சாலைகளுக்குள் புகுந்தது. வேகமாக முடுக்க வேண்டும், திருப்புளி நடுவில் தானாக நிற்க வேண்டும் என்பது அதன் காரணம். 1967இல் ஆறு முனை நட்சத்திரத் தலை வந்தது. டார்க்ஸ் என்று பெயர். அதிக பலத்தோடு முறுக்கினாலும் வழுக்காது. இவை இரண்டும் வேலையின் தேவைக்காகப் பிறந்தவை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 2009இல் ஆப்பிள் கம்பெனி தனது மேக்புக் ப்ரோ லேப்டாப்பின் பேட்டரியை ஐந்து இதழ்ப் பூப்போன்ற தலையுள்ள ஒரு புது ஸ்க்ரூவால் பூட்டியது. மறு ஆண்டு மேக்புக் ஏர் லேப்டாப்பின் அடிமூடிக்கே அதை வைத்தது. அப்போது கடையில் அதற்குத் திருப்புளி கிடையாது. அடுத்த கூத்தைக் கேளுங்கள். ஐபோன் 4 வாங்கியவர்கள் ஏதோ பழுது என்று கம்பெனியிடம் கொடுத்தால், உள்ளே சரி செய்துவிட்டு, வெளியில் இருந்த சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்துவிட்டு இந்தப் பூ ஸ்க்ரூவைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். 2011 ஜனவரியில் அமெரிக்க ரிப்பேர்க்காரர்களின் ஐஃபிக்ஸிட் நிறுவனம் இதை அம்பலப்படுத்தியது. நமது வீட்டைச் செப்பனிட வந்த கொத்தனார், போகும்போது வாசல் பூட்டை மாற்றிச் சாவியைத் தன் மடியில் கட்டிக்கொண்டு போனால் நாம் சும்மா விடுவோமா? அங்கே அதற்குப் பெயர் வியாபாரம்!

சாவி எத்தனை நாள் ஒளிந்திருக்கும்? அந்த ஐந்து இதழ் முனைக்கும் திருப்புளி செய்து விற்கத் தொடங்கினார்கள். இன்று சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்த் திருப்புளிப் பெட்டியிலேயே அது கிடக்கிறது. உடனே முதலாளிகள் வேறு வழி பிடித்தார்கள்: பசை. ஸ்க்ரூவே வேண்டாம், ஒட்டிவிடு! 2017இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி விற்ற சர்ஃபேஸ் லேப்டாப்பை அதே ஐஃபிக்ஸிட் நிறுவனம் பிரித்துப் பார்த்தது. பிய்க்காமல் திறக்க முடியவில்லை. ரிப்பேருக்கு அது போட்ட மார்க் 10க்கு 0. பசைக்கு எந்தத் திருப்புளியும் கிடையாது.

கருவி என்றால் இரும்பு மட்டுமல்ல, படமும் கருவிதான். எந்த ஸ்க்ரூ எங்கே ஒளிந்திருக்கிறது, எதை முதலில் கழற்ற வேண்டும் என்று சொல்லும் சர்வீஸ் கையேடு இல்லாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு திறப்பது எப்படி? ஆஸ்திரேலியாவில் ஒரு வாலிபர் நூற்றுக்கணக்கான லேப்டாப் கையேடுகளைத் திரட்டி யாரும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாக வைத்திருந்தார். தனது கையேடுகளை எடுத்துவிட வேண்டும் என்று 2012இல் தோஷிபா கம்பெனி அவருக்கு வக்கீல் மிரட்டல் அனுப்பி, எடுக்க வைத்தது. ஸ்க்ரூ கழற்றும் வரிசை காப்புரிமைச் சொத்தாம்!

எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி என்று நாம் சொல்லவில்லை. லெனோவோ தனது திங்க்பேட் லேப்டாப்களுக்கும், டெல், எச்.பி. கம்பெனிகள் தங்களது பல மாடல்களுக்கும் கழற்றி மாட்டும் கையேடுகளைப் பகிரங்கமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. மாடல் நம்பரைச் சொல்லித் தேடினால் காசில்லாமல் கிடைக்கும். இவர்கள் மட்டும் தர்மப் பிரபுக்களா? இல்லை. ஆயிரக்கணக்கில் வாங்குகிற பெரிய ஆபீஸ்களிடம் சொந்த ரிப்பேர் ஆட்கள் இருக்கிறார்கள். கையேடு கொடுக்காதவன் சரக்கு அங்கே போகாது. நமது கணிப்பு இதுதான். மொத்தமாக வாங்குகிறவன் கேட்டால் கொடுக்கிறான். ஒற்றை ஆள் கேட்டால் கதவைச் சாத்துகிறான். சங்கம் வைத்துப் போராடிய எந்தத் தொழிலாளிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இது லேப்டாப்போடு நிற்கிற விவகாரமும் அல்ல. கார் உதிரிப் பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும், கையேடுகளையும் தனியார் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் பதுக்கியதற்காக 14 கார்க் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கு ஓடின. சிலருக்குத் தொகை குறைந்தது. ஆனாலும் பட்டறைக்காரர் கையில் கருவி போகாமல் தடுப்பது குற்றம் என்று இந்த நாட்டில் ஒரு தடவை எழுதியாகிவிட்டது. அமெரிக்காவில் ஜான் டியர் டிராக்டரின் கோளாறைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைக் கம்பெனி தன் ஏஜெண்டுகளிடமே வைத்துக்கொண்டதால், அறுவடை நேரத்தில் விவசாயிகள் காத்துக் கிடந்தார்கள். அந்த நாட்டு சர்க்காரின் வர்த்தக கமிஷனே 2025 ஜனவரியில் கம்பெனிமீது வழக்குப் போட்டது.

முதலாளித்துவத்தின் சொந்த வீடான அந்த அமெரிக்காவிலேயே, கலிபோர்னியா மாநிலம் 2023இல் ஒரு சட்டம் போட்டது. 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுச் சாமான்களுக்கு, அந்த மாடலின் உற்பத்தி நின்று 7 ஆண்டுகள் வரை உதிரிப் பாகம், கருவி, கையேடு மூன்றையும் சொந்தக்காரருக்கும் வெளி ரிப்பேர்க்காரருக்கும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கம்பெனிகள் திவாலாகிவிடவில்லை.

நம் நாட்டில்? மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்கு ஒரு கமிட்டி போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணைய வாசல் திறந்தது. பிறகு எந்தச் சாமானை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மார்க் போட 2024இல் இன்னொரு கமிட்டி. 2025 மே மாதம் அது அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கை முதலில் எடுத்துக்கொண்டது செல்போனும் டேப்லெட்டும். லேப்டாப் வரிசையில் பின்னால் நிற்கிறது. மார்க் போடுவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் முட்டை மார்க் வாங்கிய சரக்கையும் தாராளமாக விற்கலாம் என்றால், அந்த மார்க்கைப் பார்த்து முதலாளி ஏன் பயப்பட வேண்டும்?

இதற்கிடையே இன்னொரு அடியும் விழுந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் வழக்கத்தை முடித்துக்கொண்டது. அடுத்த விண்டோஸ் 11, பழைய லேப்டாப்களை முறைப்படி ஏற்பதில்லை. புதிது வாங்கு என்பதுதான் அதன் அர்த்தம். வாங்க வேண்டியதில்லை. லினக்ஸ் என்ற இலவச அமைப்பு அந்தப் பழைய யந்திரங்களில் நன்றாகவே ஓடும். ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு அதே அளவுள்ள எஸ்.எஸ்.டி. ஒன்றைச் செருகி, மெமரி அட்டை ஒன்றையும் கூட்டினால், சோறு வடிக்கும் நேரம் எடுத்த யந்திரம் கை கழுவுவதற்குள் எழுந்து நிற்கும். ஆனால் அதற்கும் மூடியைத் திறக்க வேண்டுமே!

ஆகவே சரியான கருவி எது என்பதைத் தோழர்களுக்குச் சொல்லிவிடுவது நமது கடமை. கடைக்குப் போய் "ஸ்டார் திருப்புளி" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் பிளஸ் குறியையும் ஸ்டார் என்கிறார்கள், ஆறு முனையையும் ஸ்டார் என்கிறார்கள். கடைக்காரர் ஒன்றைக் கொடுப்பார், நீங்கள் இன்னொன்றை நினைத்து வாங்கி வருவீர்கள். முனையின் மேல் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். பழைய லேப்டாப்பின் பெரும்பாலான ஸ்க்ரூக்களுக்கு பி.எச்.0 போதும். மிகச் சிறியவற்றுக்கு பி.எச்.00, சற்றுப் பெரியவற்றுக்கு பி.எச்.1. ஆறு முனைக்கு டி5, டி6, டி8. ஆப்பிள் யந்திரமானால் ஐந்து இதழ் முனை தனி. முனை தலைக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். ஆடினால் அது வேறு அளவு, திருகாதீர்கள். மொட்டையாகிவிட்ட ஸ்க்ரூவை எடுப்பது, பல் முளைக்காத குழந்தைக்கு முறுக்குக் கொடுப்பது போன்ற வேலை.

முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி வெளியே கழலக்கூடியதானால் கழற்றுங்கள். உள்ளே இருக்குமானால், மூடி திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பை எடுங்கள். எல்லா ஸ்க்ரூவும் கண்ணுக்குத் தெரியாது. அடியில் உள்ள ரப்பர் கால்களுக்குக் கீழே, ஸ்டிக்கருக்குக் கீழே, பேட்டரி இருந்த குழியில் என்று ஒளித்திருப்பார்கள். எல்லாம் எடுத்த பிறகும் மூடி வரவில்லையென்றால் பலாத்காரம் செய்யாதீர்கள். இன்னும் ஒன்று எங்கோ இருக்கிறது. ஓரக் கொக்கிகளைக் கத்தியால் நெம்பக் கூடாது. காலாவதியான ஏ.டி.எம். அட்டை போதும், பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக்.

எல்லாவற்றிலும் முக்கியம்: கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரே தட்டில் கொட்டாதீர்கள். ஒவ்வொன்றின் நீளமும் வேறு. குட்டை ஸ்க்ரூ இருந்த துளையில் நெட்டை ஸ்க்ரூவை முடுக்கினால், அது நேராகப் போய் போர்டைக் குத்தும். ஓர் அட்டையில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். விசைப்பலகையின் பட்டை வயரை இழுக்காதீர்கள். அதன் வாயில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும், அதை நிமிர்த்தினால் வயர் தானே வரும். விசிறியில் காற்றடிக்கும்போது விரலால் இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தக் கூடாது, நெம்பக் கூடாது, மறுபடி சார்ஜ் போடக் கூடாது. தீப் பிடிக்கும். அது அனுபவமுள்ள ரிப்பேர்க்காரர் கைக்குப் போக வேண்டியது.

இனி சர்க்காருக்கு. 2025 மார்ச் மாதத் தமிழ்நாடு பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் தருவதாக அறிவிக்கப்பட்டது. 20 லட்சம்! இத்தனை சரக்கை ஒரே கையால் வாங்குகிறவர் உலகச் சந்தையிலேயே அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். சில ஆயிரம் வாங்கும் ஆபீஸுக்குக் கையேடு கொடுக்கிற முதலாளி, 20 லட்சம் வாங்குகிற சர்க்காருக்கு மறுப்பானா? கேட்டால்தானே! சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ மட்டுமே இருக்க வேண்டும். பேட்டரியைப் பசையால் ஒட்டக் கூடாது. மெமரியும் டிஸ்கும் கழற்றி மாட்டக் கூடியதாக இருக்க வேண்டும். சர்வீஸ் கையேட்டைத் தமிழில் வெளியிட வேண்டும். 7 ஆண்டுகளுக்கு உதிரிப் பாகங்கள் நியாய விலையில் மாவட்டந்தோறும் கிடைக்க வேண்டும். இனிப் போடும் ஒவ்வொரு டெண்டரிலும் இவை நிபந்தனையாக எழுதப்பட வேண்டும் என்று கோருகிறோம். கொடுத்து முடித்த யந்திரங்களுக்கும் கையேட்டையும் பாகத்தையும் கம்பெனிகளிடம் சர்க்கார் வாங்கித் தர வேண்டும். ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் மாதம் ஒரு நாள் ரிப்பேர் முகாம் நடத்தலாம். பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்களே பாடப் பொருளாகட்டும்.

டெண்டர் மாறும் வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும், வாலிபர் படிப்பகத்திலும், விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையிலும் ஒரு பெட்டி இருக்கட்டும். அதில் மேலே சொன்ன முனைகளோடு ஒரு திருப்புளி செட், இரண்டு பிளாஸ்டிக் நெம்புகோல், ஒரு சிம்டா, ஒரு பிரஷ், ஒரு குப்பி வெப்பப் பசை. ஐந்தாறு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு நாள் டீக் காசுக்குச் சற்று மேலே ஆகும். பெட்டி மூடியின் உட்புறத்தில் சாமான் பட்டியலை ஒட்டுங்கள். எடுத்துப் போகிறவர் நோட்டில் பெயரும் தேதியும் எழுதட்டும். திரும்பி வந்ததும் முனைகளை எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். டி5 முனைதான் முதலில் தொலையும். இரண்டாக வாங்கி வையுங்கள்.